இடது கன்னத்துக்கு மட்டும்

கடைசித் தரிப்பிடத்தில் எல்லோரும் இறங்கியதும் பென்ஜமின் பேருந்தின் கதவைச் சாத்துகிறார். சட்டைப்பையிலிருந்து ஒரு சிறிய குப்பியை எடுத்து, விரலால் கிரீமைத் தோண்டி, இடது கன்னத்தில் மட்டும் பூசுகிறார். கண்ணோரத்தில் தொடங்கித் தாடை வரை, சுவருக்கு வெள்ளையடிப்பவரைப் போல மேலிருந்து கீழாக. மூக்கின் நடுக்கோடுதான் எல்லை. அதைத் தாண்டிப்போன கிரீமை வழித்தெடுத்து மீண்டும் இடப்பக்கத்திலேயே சேர்க்கிறார்.

ஜெர்மனியின் டுசல்டோர்ஃபில் இருபது வருடங்களுக்கு மேலாக நகரப் பேருந்து ஓட்டுகிறார். சாரதியின் இருக்கை இடப்பக்கச் சன்னலோரம். தோலைத் தளரவைக்கும் கதிர்களைக் கண்ணாடி முழுதாக மறிப்பதில்லை. அதனால் ஐம்பத்தெட்டு வயதில் அவருக்கு இரண்டு முகங்கள். வலப்பக்கத்தில் நின்று பார்த்தால் நாற்பத்தைந்து மதிக்கலாம். இடப்பக்கத்தில் நின்று பார்த்தால் அவருடைய பெரியப்பா.

இது நெடுங்காலம் அவருக்கே தெரியாது. இந்த வசந்தத்தில், புதிய சாரதிகள் கிடைக்காமல் திண்டாடிய நிறுவனம், 'எங்களோடு ஓட்ட வாருங்கள்' என்ற விளம்பரத்துக்கு அவரைத் தேர்ந்தெடுத்தது. பேருந்தின் பின்புறம் முழுவதும் அவர் முகம் வரும். கூட ஓட்டும் யாகோப்பு கைகுலுக்கி வாழ்த்தினார். பிறகு தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"மச்சான், எந்தப் பக்கத்தைப் படம் எடுக்கப் போறாங்கள்? இடப்பக்கம் எண்டால் வேலைக்கு வாறவனும் ஓடியிடுவான். பஸ் ஓட்டினால் இப்பிடித்தான் ஆகுமெண்டு எச்சரிக்கை போட்டமாதிரி எல்லே இருக்கும்!"

அன்று மாலையே பென்ஜமின் ஒரு கொரியக் கடைக்குப் போய், ஜின்செங் வேரின் சாறு கலந்த கிரீமோடு திரும்பினார். நான் அவர் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கிறேன். குப்பியோடு வந்த தாளின் எழுத்து எறும்பளவில் இருந்ததால், வாசித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்.

"வெயிலாலை சுருக்கம் வராமல் தடுக்க உதவுமாம், மாமா. வந்ததை எடுக்குமெண்டு போடேல்லை."

"தடுக்கத் தெரிஞ்சதுக்குத் துரத்தத் தெரியாதோ, பிள்ளை?"

துரத்தத் தெரியவில்லை. கிரீம் குப்பியில் குறைந்தது. கன்னத்தில் ஒன்றும் குறையவில்லை. அவர் தளரவில்லை. தேவாலயத்தில் இடப்பக்கச் சுவரோரம் உட்காரத் தொடங்கினார்; அங்கிருந்தால் சனத்துக்கு வலது கன்னம்தான் தெரியும். பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் பல்கனியில் கதிரையைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டார். இடது கன்னத்தைத் துவாயால் மூடி, வலது கன்னத்தை வெயிலுக்குக் கொடுத்தார்.

"இடப்பக்கத்து வயசு இறங்காட்டி வலப்பக்கத்து வயசை ஏத்துவம். ரெண்டும் நடுவிலை எங்கையாவது சந்திக்கட்டும்."

தேநீரோடு வந்த மனைவி மக்டலீன் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "இஞ்சருங்கோ, நான் தோசை எண்டாலும் பிரட்டித்தான் சுடுறனான்."

படம் எடுக்கும் நாளில், பின் இருக்கைகளில் பயணிகளாக உட்கார மக்டலீனையும் என்னையும் பணிமனைக்குக் கூட்டிப் போனார். படம்பிடிக்க வந்த யூலியா என்ற இளம் பெண், நேராகச் சாரதியின் சன்னலுக்கு வெளியே போய் நின்றார். இடப்பக்கம். பென்ஜமின் வலது கன்னத்தை அவருக்குக் காட்டுவதற்காகக் கழுத்தை முறுக்கினார். முறுக்கி முறுக்கி, நாடி இடது தோளைக் கடந்தது. பேருந்தைப் பின்னுக்கு எடுக்கப் போகிறாரா என்று யூலியா ஜெர்மனில் கவலையோடு கேட்டார்.

"முன்னுக்குப் பாருங்கோ!" என்றார் மக்டலீன். "பின்னுக்குப் பாத்து ஓட்டுற ஆளின்ரை பஸ்ஸிலை ஆர் ஏறுவினம்?"

பென்ஜமினுக்குச் சிரிப்பு வந்து கழுத்து தானாகத் திரும்பியது. யூலியா அந்தக் கணத்தில் கமராவை அமுக்கிவிட்டார்.

யூலியா உள்ளே ஏறி வந்து நீட்டிய கைக்கணினியின் திரையில் இடது கன்னம் பெரிதாக வந்தது. சிரித்ததால் எந்தக் கோடும் மிச்சமில்லாமல் அத்தனையும் வந்திருந்தன. யூலியா பென்ஜமினின் முகத்தைப் பார்த்துவிட்டு, வேண்டுமானால் கோடுகளை எடுக்கலாம் என்றார். அவர் ஜெர்மன் மறந்து, "ஓம், ஓம்" என்று தலையாட்டினார்.

யூலியா திரையில் கண்ணோரத்தில் விரலை வைத்துத் தாடை வரை இழுத்தார். கன்னம் கழுவிய பீங்கான் தட்டாகிவிட்டது.

"இவ்வளவு நாளும் பூசினன், பிள்ளை," என்றார் என்னிடம். "இவ ஒரு விரலாலை துடைச்சுப்போட்டா!"

மக்டலீன் எட்டிப் பார்த்தார். "வடிவான ஆள்தான். ஆர் இவர்?"

யூலியா பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதை அனுப்பட்டும் என்று கேட்டார். பென்ஜமின் தன் கன்னத்தில் விரலை வைத்து, யூலியா செய்ததைப் போலவே தாடை வரை இழுத்தார். விரல் நுனியைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, மனைவி இருந்த பக்கம் பார்க்காமல், அதே விரலால் கோடில்லாத படத்தைத் தொட்டுக் காட்டினார்.