அட்டையில் எழுதிய முப்பது

கையுறைப் பெட்டியிலிருந்து கிழித்த அட்டைத்துண்டு ஒன்று என் அலமாரியில் இருக்கிறது. அதில் கறுப்பு மார்க்கரால் T ≥ 30 என்று எழுதியிருக்கும். மலேசியாவில், லூனாஸ் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த அக்கா எழுதியது.

தமிழ், மலாய், நேப்பாளி என்று ஆளுக்கொரு மொழி பேசும் இடம் அது. வாக்கியமாக எழுதினால் பாதிப் பேருக்குப் புரியாது, கணக்குக் குறி எல்லாருக்கும் பொது என்று சூப்பர்வைசர் அறிவிப்புகளைக் குறிகளாக மாற்றினார். நல்ல யோசனைதான். ‘மெஷினை நிறுத்தி, குறைந்தது முப்பது நிமிடம் கழித்தே சுடுநீர்த் தொட்டியில் கை வைக்க வேண்டும்’ என்பதும் தொட்டியருகே இருந்த அறிவிப்புப் பலகைக்குப் போனது. ‘குறைந்தது’ என்றதும் மனுஷன் குறைவுக் குறியைப் போட்டுவிட்டார்: T ≤ 30. T என்றால் நிமிடம்.

மகளின் வீட்டுப்பாடத்தோடு உட்கார்ந்து உட்கார்ந்தே கணக்குக் கற்றவர் அக்கா. “பாஸ், இது தலைகீழா இருக்குலா. முப்பதுக்குள்ள கைய வைன்னுல்ல சொல்லுது? கூர்முனை சின்னதுக்கு, தொறந்த வாய் பெருசுக்கு. எம்மவளுக்கே தெரியும்.”

“அக்கா எந்த யூனிவர்சிட்டி?” என்றார் அவர்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

அன்று மத்தியானமே அக்கா இந்த அட்டையை எழுதிப் பலகைமேல் கட்டினார். சூப்பர்வைசர் பிய்த்துக் குப்பையில் எறிந்தார். நான் பொறுக்கி வைத்துக்கொண்டேன். பொறுக்கினேனே தவிர, வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வாரம், புதிதாக வந்த நேப்பாளப் பெண் பலகையைப் படித்தாள். முப்பதைத் தாண்டக்கூடாது என்று அவசர அவசரமாக, இருபதாவது நிமிடத்திலேயே அடைப்பெடுக்கக் கையை விட்டாள். முழங்கை வரை வெந்துபோனது.

விசாரணையில், புது ஆளுக்குச் சொல்லித்தராதது யார் குற்றம் என்று, அங்கே மூத்தவரான அக்காவையே கேட்டார்கள்.

“அந்தப் புள்ள சரியாத்தான் படிச்சிச்சி. எழுதினவர கேளுங்க,” என்றவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

தனக்குக் கொடுத்த எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்துப் போட மறுத்து, அக்கா வேலையை விட்டார். போகும்போது சொன்னார்: “படிக்காதவன் தப்பு செஞ்சா மடையன், தம்பி. படிச்சவன் செஞ்சா அது ரூல்ஸ்.”

பலகையில் இப்போது சரியான குறி இருக்கிறது. எவரும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெயின்ட் அடித்து மாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான். அந்தப் பெண் ஊருக்குப் போய்விட்டாள். சூப்பர்வைசர் இப்போது மேனேஜர்.

அவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் விசாரணையன்று இந்த அட்டை என் சட்டைப்பையில்தான் இருந்தது. எடுத்து மேசைமேல் வைக்க ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.