நன்னடத்தைப் பெட்டி

நான் யாரையும் எளிதில் நம்புகிறவள் இல்லை. கடையில் வாங்கும் தேங்காயைக்கூட இரண்டு காதிலும் வைத்து ஆட்டிப் பார்த்துத்தான் பைக்குள் போடுவேன். அப்படிப்பட்ட நான், என் மகளின் பள்ளியில் அந்தப் பெட்டியை வைத்த அன்று மற்ற தாய்மாரோடு சேர்ந்து கைதட்டினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு சொன்னால் மறைத்துவிட்டேன் என்பார்கள்.

உதியன்குளங்கரை சந்திப்பிலிருந்து உள்ளே போகும் சாலையில் இருந்தது பள்ளி. எங்கள் கிறிஸ்தவ சபை நடத்தியது. தொண்ணூறுகளின் நடுவில் புதிய தலைமையாசிரியர் வந்தார். பாலக்காட்டுப் பக்கத்துக்காரர், அச்சடித்தது போலத் தமிழ் பேசுவார். வந்த வாரமே பிரம்புகளையெல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டினார். இனி அடி கிடையாது என்றார். அதற்குப் பதிலாக அலுவலக வாசலில் வாய் கீறிய ஒரு மரப்பெட்டியை மாட்டினார். ஒரு பிள்ளை தப்பு செய்வதை இன்னொரு பிள்ளை பார்த்தால் சீட்டில் எழுதிப் போடலாம், தன் பெயரை எழுத வேண்டாம். ஒரு சீட்டு வந்தால் பெற்றோரை அழைப்பார். மூன்றாவது சீட்டு வந்தால் டி.சி., அதில் நடத்தை என்ற இடத்தில் திருப்தியில்லை என்று எழுதப்படும். எங்கள் பக்கத்தில் தமிழ் வகுப்பு உள்ள பள்ளி அது ஒன்றுதான். அந்த டி.சி.யோடு எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் களியக்காவிளைக்குப் போனாலும் யாரும் வாசலில் நிற்கவிட மாட்டார்கள்.

முதல் சீட்டு வந்தபோது என் மகள் ஆறாம் வகுப்பு. பரீட்சையில் பார்த்து எழுதினாள் என்று இருந்தது. தலைமையாசிரியர் சீட்டை என் கையிலேயே கொடுத்தார். கோடு போட்ட தாள். இடது கையால் எழுதியது போல் கோணல் எழுத்து. நான் அதைத் திருப்பிப் பார்த்தேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், கடைசியில் மோந்தும் பார்த்தேன். ரப்பர் ஷீட் புகையின் மணம் இருந்தது. போதாதா எனக்கு? பக்கத்து வீட்டில்தான் ஷீட் உலர்த்தும் புகைப்புரை உண்டு. அந்த வீட்டுப் பெண்ணும் என் மகளும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அந்தப் புகை எங்கள் வீட்டுத் தலையணை உறையில்கூட மணக்கும் என்பது அந்த நேரத்தில் என் நினைவுக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகளைப் பிடித்து நிறுத்தினேன்.

"எட்டி, இனி அவகூட நடக்கப்பிடாது கேட்டியா? அவ இன்னும் எளுதுவா. பாத்துக்கோ."

மகள் தலையை ஆட்டினாள். அதன் பிறகு இரண்டு பிள்ளைகளும் சாலையின் இரண்டு ஓரத்தில் பள்ளிக்குப் போனார்கள். நான் வேலிக்கு மேலே எட்டி எட்டிப் பார்த்து என் சந்தேகத்துக்குத் தீனி சேர்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். அவள் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறாள் என்று யோசிப்பேன், சிரிக்காவிட்டால் குற்றமுள்ள மனசு என்பேன். அந்தக் காலத்தில் அவளையும் இரண்டு முறை பள்ளிக்கு அழைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். நடிப்பு என்று முடிவுகட்டினேன். ஊர் முழுக்கவே அப்படித்தான் இருந்தது. சபையில் ஒரே பாயில் உட்கார்ந்து பாடிய பெண்கள் பாட்டு முடிந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எழுந்து போனார்கள்.

என் மகள் மேல் இரண்டாவது சீட்டும் வந்தது. டீச்சருக்குப் பட்டப்பெயர் வைத்தாளாம். இன்னும் ஒன்று வந்தால் டி.சி. கணவர் அம்பூரியில் ரப்பர் வெட்டப் போயிருந்தார், சனிக்கிழமைதான் வருவார். யாரிடம் போய்ச் சொல்ல?

அந்த வாரம்தான் பக்கத்து வீட்டுக்காரி கையில் ஒரு தாளோடு வந்தாள். பெற்றோர் சேர்ந்து கொடுக்கும் மனு. பெட்டியை எடுக்க வேண்டும், குற்றம் சொல்கிறவர்கள் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும், பிள்ளை தன் பக்கத்தைச் சொன்ன பிறகே பெற்றோரை அழைக்க வேண்டும் என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள். கீழே ஒரு கையெழுத்தும் இல்லை.

"அக்கா இதில முதல்ல ஒப்பு இடணும். நீங்க இட்டா மத்தவிய தானா இடுவாவ."

"அதென்ன பிள்ளே, நான் முதல்ல? எளுதினது நீயாக்குமே?"

"நான் ரெண்டாவது இடுதேன் அக்கா."

"அவரு சனியாச்ச வருவாரு. கேட்டிட்டு சொல்லுதேன்."

அவள் தாளை மடக்கிக்கொண்டு போனாள். என்னை முன்னால் தள்ளிவிட்டு என் மகளின் மூன்றாவது சீட்டுக்கு வழி செய்கிறாள் என்று எனக்கு அப்போது சந்தேகமே இல்லை. உறுதியாகத் தெரிந்தது.

நானும் ஒரு சீட்டு எழுதினேன். ஆறாம் வகுப்புப் பிள்ளையின் தாய் ஒருத்தி வீடு வீடாகப் போய்ப் பள்ளிக்கு எதிராக ஆள் சேர்க்கிறாள், தன் மகளுக்குப் பொய்ச் சீட்டு எழுதவும் பழக்குகிறாள் என்று. இதைப் படித்தால் என் மகள் மேல் வந்தவை பொய் என்று தலைமையாசிரியருக்குப் புரியும் என்பது என் கணக்கு. தாளுக்கு மகளின் நோட்டைக் கிழித்தால் அடையாளம் தெரியும். பிஸ்கட் டப்பாவில் சபையின் காணிக்கைக் கவர்கள் கிடந்தன. வருஷத் தொடக்கத்தில் வீட்டுக்கு ஒரு கட்டு கொடுப்பார்கள், சபைக் கோயிலுக்குப் போகாத மாதத்துக் கவர்கள் மிஞ்சும். அதைப் பிரித்துச் சின்னச் சின்னக் குறிப்பெழுத வைத்துக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். சபையின் பெயர் அச்சடித்த முன்பக்கத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி அடுப்பில் போட்டேன். மிச்சத்தின் உட்புறத்தில் கோணல் எழுத்தில் எழுதினேன். மகளுக்குக் குடை கொடுக்கப் போவது போலப் போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் பெற்றோர் கூட்டம். மனுவை அவளே கொண்டுபோய் மேசையில் வைத்தாள். முதல் கையெழுத்து அவளுடையதுதான், பிறகு ஏழெட்டுப் பேர். தலைமையாசிரியர் வாசித்துவிட்டுப் புன்னகை செய்தார்.

"இந்தப் பெட்டியை நீங்கள் நம்பவில்லை என்கிறீர்கள். உங்களில் ஒருவரே நம்பி எழுதியிருக்கிறார். கேளுங்கள்."

என் சீட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு உயர்த்திப் பிடித்து வாசித்தார். எழுத்து அவர் பக்கம், தாளின் பின்புறம் எங்கள் பக்கம். அதில் நீலப் பென்சிலால் பெரிதாக நாற்பத்தாறு என்று இருந்தது.

அது எங்கள் வீட்டுச் சபை எண். கவருக்குக் கவர் பின்பக்கத்தில் சபைச் செயலாளர் எழுதிக் கொடுப்பார். வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து என் கண்ணுக்கு அது ஒரு எண்ணாகவே தெரியாமல் போயிருந்தது. சபை விருந்தான அசனத்துக்கு அரிசி கொண்டுவரும் முறைகூட அந்த எண் வரிசையில்தான், எந்த எண் யார் வீடு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெளியூர்க்காரரான தலைமையாசிரியருக்கு மட்டும்தான் தெரியாது. முன்வரிசைப் பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். தரை பிளந்து உள்ளே போகமாட்டேனா என்றிருந்தது.

பக்கத்து வீட்டுக்காரி, நாற்பத்தேழாம் எண், எழுந்தாள்.

"சாரே, அந்தத் தாள மடக்கி வையுங்கோ. அதில எளுதியிருக்க தாயி, அந்தத் தள்ள, நானாக்கும். ஆள் சேத்தது உண்மை. எனக்க மவ சீட்டு எளுதினாளாண்ணு எனக்குத் தெரியாது. அவ இல்லேண்ணு சொன்னாலும் நம்ப முடியல்ல. பெத்த பிள்ளைய நம்ப முடியாத கெதிக்கு எங்கள ஆக்கிப்போட்டுது இந்தப் பெட்டி. இப்ப நாங்களே பிள்ளைய மாதிரி எளுதத் தொடங்கியாச்சு. இத எடுங்கோ."

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. பின்னாலிருந்து ஒருவர் "எடுக்கணும் சாரே" என்றார், பிறகு எல்லோரும் சொன்னார்கள். தலைமையாசிரியர் நல்ல மனிதர்தான். எழுந்து போய்ப் பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, இதுவரை வந்த சீட்டுகள் எதுவும் கணக்கில் இல்லை என்றார். என் மகள் தப்பினாள். எனக்குத்தான் சந்தோஷப்பட முகம் இல்லை.

திரும்பும் வழியில் ஓடிப்போய் அவளை எட்டிப் பிடித்தேன்.

"பிள்ளே, எனக்குப் புத்தி கெட்டுப்போச்சு..."

"நாப்பத்தாற நான் இண்ணைக்கு முதல்தடவ பாக்கல்ல அக்கா. எனக்க மவ மேல வந்த ரெண்டு சீட்டுக்கும் பின்னால அதுதான் உண்டு."

நான் அவள் முன்னால் போய் நின்றேன்.

"தெரிஞ்சிட்டுதானா எனக்கிட்ட முதல் ஒப்பு கேட்டே?"

"நீங்க இட்டிருந்தா, எளுதினது பிள்ளையாக்கும், தள்ளைக்குத் தெரியாதுண்ணு நெனச்சு விட்டிருப்பேன்."

அவள் போய்விட்டாள். நான் அந்த இரண்டு சீட்டையும் எழுதவில்லை. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

வீட்டில் மகள் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். கேட்டதும் ஒளிக்கவில்லை.

"நீங்கதானே அம்மா சொன்னிய, அவ இன்னும் எளுதுவாண்ணு. அதுக்கு முந்தி நான் எளுதினேன்."

என் மகள் மேல் எழுதியது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று அவளை அடிக்க ஓங்கிய கையை இறக்கிக்கொண்டு உள்ளே போய் பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். மூன்று கவர்கள் மிச்சம் இருந்தன. ஒன்றில் முன்பக்கத்தைப் பாதி வெட்டி அப்படியே விட்டிருந்தது. அதை வெட்டியது அவளா நானா என்று எவ்வளவு நேரம் பார்த்தும் எனக்கு அடையாளம் தெரியவில்லை.