தொட்டிப் பூதம் எத்தனை அடி தாங்கும்?

சிங்கப்பூர் கிளமெண்டியில் என் அலுவலக மேசையில், கணினிக்குப் பக்கத்தில், ஒரு பித்தளை வால்வுப் பிடி நிற்கிறது. தண்ணீர்க் குழாயை மூடித் திறக்கும் சின்னச் சக்கரம், அவ்வளவுதான். பார்ப்பவர்கள் எல்லாரும், "டாய்லெட் பைப் லீக்கா சார்?" என்று கேட்பார்கள். "இல்லை, இது பூதம்" என்பேன். ஐம்பதைத் தாண்டியவன் இப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி வராது. சம்பள உயர்வு எனக்குத் தாமதமாக வருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்தப் பிடி என் தங்கையுடையது. ஜாலான் புசாரில் ஒரு ஹார்ட்வேர் கடையில் வேலை பார்த்த அப்பா, விற்காமல் கிடந்த பொருள்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து எங்களுக்கு விளையாடத் தருவார். மற்ற பிள்ளைகள் வீட்டில் பொம்மைகள் இருந்தன. எங்கள் வீட்டில் வாஷர்களும் நட்டுகளும் இருந்தன. அவளுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்து வந்தாள். பகடை உருட்டி, கதை சொல்லி, வீரர்களாக வேடமேற்றுப் பூதங்களோடு சண்டை போடும் ஆட்டத்துக்கான விதிகள் அதில் இருந்தன. ஒருவர் கதையை நடத்த வேண்டும். மற்றவர்கள் ஆட வேண்டும். மூத்தவன் என்ற முறையில் நான்தான் நடத்துவேன் என்றேன். "உனக்குச் சிரிக்காம ரெண்டு நிமிஷம் பேச வராது அண்ணா" என்று சொல்லி, அட்டைப்பெட்டியின் மூடியை மறைப்பாக நிறுத்திவைத்து அதன் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். அன்று உட்கார்ந்தவள்தான். அதற்குப் பிறகு பல்கலைக்கழகத் தோழிகளுக்கு, வேலையிடத்து நண்பர்களுக்கு, அவர்களுடைய பிள்ளைகளுக்கு என்று எல்லாருக்கும் அவளே நடத்தினாள். அவளை ஆடவைக்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

புக்கிட் பாத்தோக்கில் எங்கள் வீடு கடைசி மாடி. தலைக்கு மேலே அடுக்குமாடிப் புளோக்கின் தண்ணீர்த் தொட்டி. மோட்டார் ஓடினால் கூரையே முனகும். அந்த முனகலிலிருந்து அவள் ஒரு பூதத்தைச் செய்தாள். தொட்டிப் பூதம். மேசையில் அதன் இடத்தைக் காட்ட நின்றது இந்த வால்வுப் பிடி. நானும், பக்கத்து வீட்டில் நாங்கள் பாய் என்று கூப்பிட்ட நண்பனும் மூன்று முறை அதனோடு மோதி, மூன்று முறையும் ஓடிவந்தோம். அது எத்தனை அடி தாங்கும் என்று சொல்லச் சொல்லி நான் அவளைக் கெஞ்சியிருக்கிறேன். "அது எத்தன அடி தாங்கும்னு கேக்காத அண்ணா. ஓடிடலாமான்னு நீ எத்தன தடவ யோசிக்கப்போறேன்னு கேளு" என்பாள். அதற்குள் எனக்கும் பாய்க்கும் தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பயிற்சி வந்துவிட்டது. நிஜமான துப்பாக்கியோடு நிஜமான காட்டுக்குள் போனோம். பூதம் தோற்காமலே நின்றுவிட்டது.

போன வருடம் அவள் பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். சேலை, செயின் என்று ஏதாவது சொல்வாள் என்று நினைத்திருந்தேன். "ஒரே ஒரு நாள் நான் ஆடணும். நீ நடத்து. தொட்டிப் பூதம் வேணும். ஆனா அத நான் செஞ்ச பூதமா இல்லாம, உன் பூதமா கொண்டு வா" என்றாள். நான் பெரிய மனிதனைப் போலச் சரி என்றேன். வீட்டுக்கு வந்ததும் காகிதமும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன்.

அன்றுதான் அவள் தன் பழைய குறிப்பை என்னிடம் காட்டினாள்: பழைய விதிகளில் பூதத்துக்கு நாற்பது உயிர்ப்புள்ளி. எங்கள் வாள் ஒருமுறை விழுந்தால் நான்கு குறையும். இப்போது எல்லாரும் ஆடுவது புதிய விதிகளில். அதில் வீரர்கள் ஒரே வெட்டில் இருபது எடுப்பார்கள். பழைய கணக்கோடு கொண்டுபோனால் பூதம் உறுமுவதற்கு வாய் திறக்கும்போதே செத்துவிடும். அவள் சிறுவயதில் உண்டாக்கிய பயமே கேலிக்கூத்தாகிவிடும். ஆகவே ஐந்தால் பெருக்கி இருநூறு ஆக்கினேன். அப்போதும் பத்து அடி, இப்போதும் பத்து அடி. சரியான கணக்கு. அதோடு எழுந்து போய்த் தூங்கியிருந்தால் நான் அறிவாளி. ஆனால், புது வீரர்கள் ஒரு சுற்றில் இரண்டு முறை அடிப்பார்களே என்று பயந்து, அடி எளிதில் படாதபடி கவசத்தையும் கூட்டினேன். கூட்டிய பிறகும் பயம் போகாததால், தண்ணீரில் நிற்கும்வரை அதன் காயம் தானாக ஆறும் என்றும் சேர்த்துக்கொண்டேன். அம்மா ஒரு தடவை, நான் ஒரு தடவை, மனைவி ஒரு தடவை என்று ஒரே குழம்புக்கு மூன்று பேரும் உப்புப் போட்டதுபோல ஆயிற்று.

ஜாலான் புசாரில் அப்பாவின் பழைய கடைக்கு நாலு வாசல் தள்ளி, மாடியில் ஓர் ஆட்டக்கூடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே கூடினோம். தங்கை வாள்வீராங்கனை, பாய் வில்லாளி, ஆள் குறைகிறது என்று இழுத்துவந்த என் மனைவி, பூட்டுத் திறக்கும் திருடி. தங்கை கொண்டுவந்த பித்தளைப் பிடியை மேசையில் பூதத்தின் இடத்தில் வைத்தேன். சண்டை தொடங்கியது. யாருடைய அடியும் படவில்லை. அபூர்வமாகப் பட்ட அடியும் அடுத்த சுற்றில் ஆறிப்போனது. "மச்சான், நான் கீழ போய் தே வாங்கிட்டு வரேன் லா. அதுக்குள்ள செத்துடாது தானே?" என்று தேநீர் வாங்கக் கிளம்பினான் பாய். "ஏங்க, இது வேகுமா வேகாதா? குக்கர்னா இந்நேரம் பத்து விசில் வந்திருக்கும்" என்றாள் மனைவி. தங்கை தன் தாளில் உயிர்ப்புள்ளிகளை அடித்துக் குறைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வீராங்கனைக்கு மூன்று புள்ளிதான் மிச்சம். ஒரே ஒரு நாள்தான் கேட்டாள். அந்த ஒரு நாளில் அவளை நானே கொல்லப்போகிறேன்.

பூதத்தின் முறை. மறைப்புக்குப் பின்னால் இருபது முகப் பகடையை உருட்டினேன். பதினெட்டு. படுகிற அடி. பட்டால் அவள் காலி. "அட, தவறிப்போச்சு!" என்றேன், நாடகக்காரன் குரலில்.

தங்கை நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணா, பொய் சொன்னா உன் காது ஆடும். பட்டுச்சா இல்லையா?"

"பட்டுச்சு."

"எனக்காகக் குறைக்காத. இந்தப் பூதம் என்னைக்குமே பொய் சொன்னதில்ல" என்றாள். விதிப்படி தன் கேடயத்தை உடையக் கொடுத்து, அந்த ஓர் அடியைத் தாங்கிக்கொண்டாள். இனி கேடயமும் கிடையாது. அப்புறம் மேசையிலிருந்த பித்தளைப் பிடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "தண்ணியில நிக்கிறதாலதானே இதுக்குக் காயம் ஆறுது? தொட்டின்னா தண்ணியத் திறந்துவிட வால்வு இருக்கணுமே. நான் ஹார்ட்வேர் கடைக்காரர் பொண்ணு."

என் குறிப்புகளில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் இல்லை என்று சொன்னால் அது அப்பாவுக்கே அடுக்காது. "இருக்கு. துருப்பிடிச்சு இறுகியிருக்கு. ஒருத்தர் திருகணும். அதுவரைக்கும் இன்னொருத்தர் பூதத்த மறிச்சு நிக்கணும்" என்றேன். "அண்ணி, நீங்க திருகுங்க. நான் நிக்கிறேன்" என்றாள் தங்கை.

நான் மறைப்பு அட்டையை மடித்துக் கீழே வைத்துவிட்டு, எல்லாரும் பார்க்க நடுமேசையில் பூதத்தின் பகடையை உருட்டினேன். பிளாஸ்டிக் பைகளில் கட்டிய தேத்தண்ணீரோடு படியேறி வந்த பாய் அங்கேயே நின்றுவிட்டான். பகடை சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. நான்கு. படவில்லை. மனைவி கண்ணை மூடிக்கொண்டு தன் பகடையை உருட்டினாள், வால்வு திரும்பியது. தண்ணீர் வடிய வடிய, நான் பயந்து பயந்து ஏற்றிவைத்த கவசமும் அதோடு வடிந்துபோகட்டும் என்று சொன்னேன். பாயின் அம்புகள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசி வெட்டு தங்கையுடையது. கத்துவாள் என்று நினைத்தேன். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் போலக் காலை மட்டும் தரையில் தட்டினாள்.

அத்தனை வருடம் மறைப்புக்குப் பின்னால் உட்கார்ந்து மற்றவர்களை ஜெயிக்கவைத்தவள். அன்று முதல்முறையாக எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, கிடைத்த சலுகையை வேண்டாம் என்று தள்ளிவிட்டு ஜெயித்தாள். அக்கம்பக்கத்து மேசைகளைப் பார்த்து, "என் தங்கச்சி" என்றேன். யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் சொன்னேன்.

படி இறங்கும்போது, "பூதத்தோட பலத்த மூணு தடவ ஏத்தியிருக்க, இல்ல?" என்றாள். அவளிடம் எதை மறைக்க முடியும்? "ஓடிடலாமான்னு எத்தன தடவ யோசிச்ச?" என்று கேட்டேன்.

"அஞ்சு தடவ. அப்ப நீங்க ரெண்டு பேரும் பயந்த மாதிரியே. சரியாத்தான் மாத்தியிருக்க." கொஞ்சம் நின்று, "நீ?" என்றாள்.

"பூதத்த எடுத்து மேசையில வச்சதுலேருந்து."

வெளியே வந்ததும் பித்தளைப் பிடியை என் கையில் வைத்து, நடத்துகிறவரிடம்தான் அது இருக்க வேண்டும் என்றாள். சிறுவயதில் அவள் தலையணைக்கு அடியில் கிடந்தது, இப்போது என் மேசையில் நிற்கிறது. வேலை ஓடாத மத்தியானங்களில் அதை ஒரு சுற்றுத் திருகிப் பார்ப்பேன். எந்தக் குழாயிலும் மாட்டப்படாததால் லேசாகச் சுழலும். நேற்று ஒரு புதுப் பையன் வந்து, "பைப் லீக்கா சார்?" என்றான். "இல்லப்பா, என் தங்கச்சி ஜெயிச்சது" என்றேன். என் காது ஆடவில்லை.