செய்யாமல் விட்ட சத்தியம்

நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமை மதியம். கொச்சியில் நாங்கள் குடியிருக்கும் மட்டாஞ்சேரியிலிருந்து நானும் என் கணவரும் கும்பளங்கியில் ஒரு விருந்துக்கு ஸ்கூட்டரில் கிளம்பினோம். தெரு முனையைத் தாண்டுவதற்குள் எதிரே வந்த கார் நேராக எங்கள் மேல் மோதியது. எனக்குச் சிராய்ப்புதான். அவருடைய வலது கால் கிடந்த கோலத்தை இப்போதும் சொல்ல வாய் வரவில்லை.

காரை ஓட்டியவன் இறங்கி, தள்ளாடியபடி என் பக்கம் குனிந்தான். குப்பென்று சாராய நெடி. பார்த்தால், எங்கள் தெருக்காரன். கூட்டம் சேர்வதற்குள் காரை விட்டுவிட்டு நழுவிவிட்டான்.

ஆஸ்பத்திரியில் அவரை ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். கால் தப்புமா என்று டாக்டர் சொல்லவில்லை. அவருக்கு வெலிங்டன் தீவில் கிடங்கில் சுமை தூக்கும் வேலை. கால் இல்லையென்றால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. போலீஸ் வருகிறது, நடந்ததைச் சொல்லுங்கள் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார்.

போலீசுக்கு முன்னால் வந்தது காரை ஓட்டியவனுடைய அண்ணன். எங்கள் கோயில் கமிட்டியில் பெரிய ஆள். கையில் பிளாஸ்க் நிறைய சாயா. என்னைப் பார்த்ததும் அழுதார். அந்த அழுகையைப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

"தங்கச்சி, நாம தமிழாளுக. இந்த ஊர்ல நமக்கு நாமதான். மழையில ஸ்கூட்டர் வழுக்கி நீங்களே கார்ல வந்து மோதினதா சொல்லிடு. அவன் குடிச்சிருந்தான்னு தெரிஞ்சா இன்சூரன்ஸ்ல ஒரு ரூபா கிட்டாது. வைத்தியச் செலவு நான் பாத்துக்கிறேன்." சொல்லிவிட்டு உள்ளங்கையை நீட்டினார். "கையில அடிச்சு சத்தியம் பண்ணு."

எங்கள் ஆட்களிடையே அது சின்ன விஷயம் இல்லை. கல்யாணப் பேச்சோ சண்டை சமாதானமோ, கையில் அடித்துவிட்டால் முடிந்தது. அப்புறம் வார்த்தை மாறினால் நம் வீட்டு வாசலை யாரும் மிதிக்க மாட்டார்கள். என் வாய் தெருவில் பேர்போனது. அன்றைக்கு அது எங்கே போனதோ தெரியவில்லை. வைத்தியம் நடக்க வேண்டுமே என்ற பயத்தில் கையைத் தூக்கிவிட்டேன்.

என் மணிக்கட்டை ஒரு கை இறுக்கிப் பிடித்தது. பக்கத்து பெஞ்சில் யாருக்கோ துணையாக உட்கார்ந்திருந்த மலையாளத்து அம்மா.

"மோளே, வேண்டா" என்றார். பிறகு மலையாளமும் அரைகுறைத் தமிழுமாகப் படபடவென்று சொன்னார். அவருடைய தம்பியையும் ஒரு குடிகாரன்தான் இடித்தானாம். பாவம் பார்த்து, தப்பு தங்கள் பக்கம்தான் என்று அவர் வீட்டார் சொல்லிவிட, நஷ்டஈடு கிடைக்காமலே போய்விட்டதாம். ஓட்டியவன் குடித்திருந்தாலும் அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கொடுக்க வேண்டும், அதன்பிறகு கார் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளும் என்று வக்கீல் அப்புறம்தான் சொன்னாராம்.

"கார் ஆருடெயா?" என்று அண்ணனைப் பார்த்துக் கேட்டார்.

கார் அண்ணனுடையது. அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

அதற்குள் போலீஸ் வந்துவிட்டது. அண்ணன் நகராமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். போதை இறங்குவதற்குள் அவனைப் பிடித்து ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோனார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது அந்த பெஞ்ச் காலியாக இருந்தது. அந்த அம்மாவின் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

கால் தப்பியது. ஆனால் மடங்காது, சுமை தூக்க முடியாது. வழக்கு இழுத்தடித்தாலும் அந்த அம்மா சொன்னபடியேதான் உத்தரவு வந்தது. அந்த நஷ்டஈட்டில் வைத்த பலசரக்குக் கடையில் அவர் காலை நீட்டிக்கொண்டு வியாபாரம் பார்க்கிறார். கோயிலில் என்னைக் கண்டால் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அது வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் இப்போது யாராவது 'நம்ம ஆள்' என்று சொன்னால், எனக்கு ஞாபகம் வருவது அன்று என் மணிக்கட்டைப் பிடித்த, பெயர் தெரியாத அந்த அம்மாவைத்தான்.