மை பூசாத சுண்டுவிரல்

வுப்பர்டால் நகரத்திலை முதியோர் இல்லக் குசினியிலை சமையல் வேலைசெய்யிற அன்ரனிற்றாவைப் பயந்த மனுசி எண்டு நினைச்சிடாதேங்கோ. மூண்டு வயதுப் பிள்ளையை இடுப்பிலை வைச்சுக்கொண்டு ஷெல்லடிக்குள்ளாலை நடந்து வந்தவ. ஆனா அந்தப் பெப்ரவரி ஞாயிற்றுக்கிழமை காலமை இடக்கால் சப்பாத்தை வலக்காலிலை கொழுவிக்கொண்டு நிண்டவ.

அண்டைக்கு ஜெர்மனியிலை தேர்தல். குடியுரிமை கிடைச்சுப் போடப்போற முதல் வோட்டு. இஞ்சை எண்டில்லை, அவவின்ரை வாழ்க்கையிலையே முதல் வோட்டு.

2005 இலை கிளிநொச்சியிலை இருக்கேக்கை ஒரு சனாதிபதித் தேர்தல் வந்தது. வோட்டுப் போடப் போகவேண்டாம் எண்டு இயக்கப் பெடியள் சொல்லிப்போட்டாங்கள், இவவும் போகேல்லை. மகள் தேனுஜா அப்ப ஏழு மாசம் வயித்திலை. "ஆர் வந்தா எங்களுக்கென்ன?" எண்டு வயித்தைத் தடவிக்கொண்டு சொன்னவ. பிறகு சண்டை துவங்கி, ஆமி உள்ளுக்கு வந்து, இவவின்ரை தம்பி பங்கருக்குள்ளையே செத்துப்போனான். ஒரு வோட்டாலை அது நிண்டிருக்குமோ, ஆருக்குத் தெரியும்? ஆனா தான் சொன்ன அந்தச் சொல்லு இருபது வருசமாத் தொண்டைக்குள்ளை முள்ளு மாதிரிக் கிடக்குது.

இப்ப அதே தேனுஜா ஜெர்மன் ஆமியிலை. ஆரும் பிடிச்சுக்கொண்டு போகேல்லை, தானாப் போய்க் கையெழுத்து வைச்சவள். அடுத்த வருசம் ரஷ்யாவின்ரை எல்லையிலை இருக்கிற லிதுவேனியாவுக்கு அனுப்புவினம் எண்டு கதை. டிவியைப் போட்டா, ரஷ்யன் உள்ளுக்கு வருவானோ, எப்ப வருவான், ஆர் தலைவரா இருந்தா என்ன செய்வார் எண்டு கோட் போட்டவை இருந்து சிரிச்சுச் சிரிச்சுக் கதைக்கினம். அறுவாங்கள்! தங்கடை பிள்ளையெண்டாச் சிரிப்பு வருமோ?

"வோட்டுக் கடதாசியிலை நீ போடுற புள்ளடியிலையோ சண்டை நிக்கப்போகுது?" எண்டு நக்கலடிச்சார் புருசன் ராசன்.

"நிக்காட்டியும் போடுவன். இந்தமுறை சும்மா இருக்க ஏலாதப்பா."

வாக்குச்சாவடி பக்கத்துப் பள்ளிக்கூடத்திலை. மறைப்புக்குப் பின்னாலை நிண்டு அந்த நீட்டுக் கடதாசியைப் பாத்தா. ஒருத்தர் ரஷ்யனை எதிர்க்கிறவைக்கு ஆயுதம் குடுப்பம் எண்டுறார், மற்றவர் நிப்பாட்டுவம் எண்டுறார். குடுத்தாச் சண்டை வருமோ, குடுக்காட்டி வருமோ? ஆரைப் போட்டாப் பிள்ளை போகாமல் இருப்பாள்? ஐயோ மாதாவே எண்டு ஒரு புள்ளடியைப் போட்டா. ஆருக்கெண்டு ராசனுக்குக்கூடச் சொல்லேல்லை.

பெட்டிக்குள்ளை போட்டிட்டு, இடக்கைச் சுண்டுவிரலை நீட்டிக்கொண்டு நிண்டா. மேசையிலை இருந்த வெள்ளைக்கார மனுசி பதறிப்போனா.

"என்ன, விரலிலை காயமோ?"

அன்ரனிற்றாவுக்கு வெக்கம் பிடுங்கித் தின்னுது. "எங்கடை நாட்டிலை வோட்டுப் போட்டா மை பூசுவினம்" எண்டு தெரிஞ்ச டொய்ச் பாசையிலை சொன்னா. அந்த மனுசி சிரிச்சுப்போட்டு, தன்ரை பேனையாலை நகத்தடியிலை ஒரு சின்ன நீலப் பொட்டு வைச்சுவிட்டா.

வீட்டை வந்து சப்பாத்துக் கழட்ட முதல் தேனுஜா போனிலை.

"அம்மா, வோட்டுப் போட்டிட்டீங்களோ?"

"ஓம் பிள்ளை. உனக்காகத்தான்."

"அம்மா, லிதுவேனியாவுக்குப் போகச்சொல்லி வெள்ளிக்கிழமையே கடிதம் வந்திட்டுது. மே மாசமே போறன். ஆர் வெண்டாலும் அது மாறாது. முதலே சொன்னா நீங்கள் வோட்டுப் போடப் போகமாட்டியள் எண்டுதான் சொல்லேல்லை."

மத்தியானம் அன்ரனிற்றா சட்டி கழுவேக்கை ராசன் பாத்தார். சுண்டுவிரலை மட்டும் தண்ணி படாமல் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டா.

"என்னப்பா இது?"

"அவள் திரும்பி வருமட்டும் இது அழியப்படாது" எண்டா.