வெள்ளிக்கிழமை நடுத்துண்டு

பேசாலை றோசம்மாவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான் மிச்சம் இருந்தது. அதை வெளியே சொன்னால் ஊர் சிரிக்கும். ஒரு நாளைக்காவது அவள் குந்தியிருந்து சாப்பிட, வேறொரு கை அவளுக்கு மீனின் நடுத்துண்டை எடுத்துப் போட வேண்டும்.

இதென்ன பெரிய ஆசை என்று கேட்கிறவர்கள் அந்த மீன்பிடிக் கரையில் பெண்ணாய்ப் பிறந்து பார்க்கட்டும். ஏழு வயதில் மீன் வயிறு கீறப் பழகியவள் அவள். பதினாறில் சந்தியோகுவைக் கட்டினாள். அன்று தொடங்கி முப்பது வருஷமாக அவள் சட்டியில் வெந்த அறுக்குளா மீனின் நடுத்துண்டு முதலில் புருஷனுக்குப் போனது. மூத்தவன் கடலுக்குப் போகத் தொடங்கியதும் அவனுக்கும் ஒன்று போனது. பிறகு மூத்தவளைக் கட்டிய மருமகன் வந்து சேர்ந்தான். அவனுக்குப் போடாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். றோசம்மாவுக்கு வால்துண்டு. வாலும் இல்லாத நாளில் சட்டி வழித்த குழம்பு. நீ எடுக்காதே என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. நீ எடு என்றும் ஒருவரும் சொன்னதில்லை. அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

இளைய மகள் மாக்கிறட்டுக்குக் கலியாணம் பொருந்தியது. றோசம்மா சீதனமாய்க் கொண்டுவந்த தென்னங்காணியை மகள் பேருக்கு எழுதுவது என்று முடிவாயிற்று. அவள் பேரில் இருந்த சொத்து அது ஒன்றுதான். முகம் கோணாமல் சம்மதித்தாள். ஆனால் மன்னாருக்குக் காணி உறுதி எழுதி முடிக்கப் புறப்பட்ட காலையில் புருஷனை மறித்துப் பிடித்துக்கொண்டாள்.

"இஞ்சேருங்கோ, காணியைக் குடுக்கிறன். குடுத்த கையோட என்னைச் சாப்பாட்டுக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போகோணும்."

"கடைக்கோ? பொம்பிளையள் போய்க் கடையில இருந்து..."

"நான் இருப்பன். எனக்கு நடுத்துண்டு மீன் வேணும்."

சந்தியோகு தலையைச் சொறிந்தான். காணியையே கொடுக்கிறவள் கேட்பது ஒரு துண்டு மீன். "ஓம், வா" என்றான்.

தலைமன்னார்ப் பக்கமிருந்து வந்த ரயிலில் ஏறி மன்னாருக்குப் போனார்கள். உறுதி எழுதும் நொத்தாரிசின் கந்தோரில், இங்கிலாந்து ராசாவின் படத்துக்குக் கீழே, மத்தியானம் திரும்பும்வரை வாங்கில் குந்திக் காத்திருந்தார்கள். பெருவிரலில் மை பூசிக் கடுதாசியில் அழுத்தினார்கள். காணி போயிற்று. றோசம்மா விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, "நடவுங்கோ" என்றாள்.

சந்தைக்குப் பக்கத்தில் முஹைதீனின் சாப்பாட்டுக்கடை. வாசலிலேயே மீன் பொரிகிற மணம் வந்தது. உள்ளே போனால் மேசையில் முந்தின பந்தியின் சோற்றுப்பருக்கை காய்ந்து கிடக்கிறது. துடைக்க ஆள் இல்லை. குந்திய கதிரையின் கால் ஒன்று ஆடியது. தண்ணீர்க் குவளையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனவள், அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

பரிமாறுகிறவன் பரமநாதன். தோளில் துவாயும் நெற்றியில் பட்டை விபூதியுமாய் வயிறு தள்ளிய மனுஷன். இவர்களைப் பார்த்தான், பாராதவன் போலப் போனான். இவர்களுக்குப் பின்னால் வந்த கந்தோர்க்காரர் இருவருக்கு முதலில் தட்டு வைத்தான். றோசம்மா கூப்பிட்டாள். "வாறன், வாறன்" என்றான். அந்தக் கடையில் 'வாறன்' என்றால் 'வரமாட்டன்' என்று அர்த்தம் போலும். பந்திக்கு முந்தச் சொன்னவன் பரமநாதனைக் கண்டிருக்க மாட்டான்.

ஒருபடியாக வந்து நின்றான். "சோறுதானே? இறைச்சி போடவோ?"

"ஐயோ, இறைச்சி வேண்டாம்" என்று சந்தியோகு பதறினான். "இண்டைக்கு வெள்ளியெல்லோ. எங்களுக்குச் சுத்தபோசனம்."

பரமநாதனின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பிடியோ! எனக்கும் அப்பிடித்தான். பயப்படாதேங்கோ, உங்களுக்குப் புறம்பா எடுத்து வாறன். கரண்டிகூடக் கலக்க விடமாட்டன்."

நல்ல மனுஷன், வீணாய் ஏசிவிட்டேனே என்று றோசம்மா மனதுக்குள் மாதாவிடம் மன்னிப்புக் கேட்டாள். புறம்பாய் எடுத்து வருகிறானாம். புது எண்ணெயில் பொரிப்பான் போல.

வந்தது என்ன? ஆறிக் கட்டிபட்ட சோறு. பூசணிக்காய். பருப்பைத் தேடவேண்டிய பருப்புக்கறி. புளித்துப்போன சொதி. சந்தியோகு பசியில் பிசைந்து வாயில் போட்டான். றோசம்மா கை வைக்கவில்லை. "பொறுங்கோ, மீன் வரும்" என்றாள்.

மீன் வரவில்லை. பக்கத்து மேசைக்குப் போனது. கந்தோர்க்காரரில் ஒருவர் நல்ல நடுத்துண்டு ஒன்றைக் கிண்டிக் கிளறி, பாதியைத் தட்டிலேயே விட்டுவிட்டுக் கை கழுவ எழும்பினார். அதைப் பார்த்ததும் றோசம்மாவுக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது.

"அண்ணை! எங்கட மீன் எங்கை?"

"மீனோ?" பரமநாதன் வாளியோடு அப்படியே நின்றான். "சுத்தபோசனம் எண்டு சொல்லிப்போட்டு மீன் கேக்கிறியளே, அக்கா!"

கடை முழுக்கச் சிரித்தது. வெள்ளிக்கிழமை என்றால் சைவக்காரனுக்கு மீனோ இறைச்சியோ மச்சம் எதுவும் படாது. வேதக்காரருக்கு இறைச்சி மட்டும்தான் ஆகாது. பேசாலையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதியை மன்னார்ப் பட்டினத்தில் நின்று விளங்கப்படுத்த வேண்டிவந்த ஆத்திரத்தில் றோசம்மாவுக்குக் கண் கலங்கியது.

"சுத்தபோசனத்துக்கு மீன் தின்னாமல் மண்ணையோ தின்னுறது? இறைச்சிதான் ஆகாது!"

"மச்சம் எண்டால் எல்லாம் மச்சம்தானே!"

"அப்பிடியெண்டால் எங்கட சாமியாரும் நரகத்துக்குத்தான் போகோணும்!"

கல்லாவிலிருந்து முஹைதீன் கத்தினார். "உங்கை என்ன சண்டை? கிடக்கிற மீனைக் குடுத்து விடு, பரமநாதன்!"

கிடந்தது இரண்டே துண்டு. பரமநாதன் முணுமுணுத்துக்கொண்டே கொண்டுவந்தான். தட்டுகளைப் பார்த்தான். கொஞ்சமும் யோசிக்கவில்லை. நடுத்துண்டைச் சந்தியோகுவுக்குப் போட்டான். வால்துண்டை றோசம்மாவுக்குப் போட்டான். போய்விட்டான்.

முன்பின் தெரியாத மனுஷன். இவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? றோசம்மா நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். அவனுடைய விரல் முப்பது வருஷப் பழக்கத்தில் அந்த நடுத்துண்டைப் பிய்க்கத் தொடங்கியிருந்தது.

"எடுங்கோ கையை."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் சந்தியோகு அடுப்பில் கை வைத்தவன் போல இழுத்துக்கொண்டான். அப்போதுதான் அவள் தட்டில் கிடந்த வாலைக் கண்டான். அவன் முகம் கறுத்துப்போயிற்று. "நான் பாக்கேல்லை, றோசம்மா. உள்ளதைச் சொல்லுறன்."

"தெரியும். நீங்கள் ஒரு நாளும் பாத்ததில்லை."

இரண்டு தட்டையும் தன் கையாலேயே மாற்றி வைத்தாள். மீனைப் பிட்டு வாயில் போட்டாள். சேசுவே! மூன்று நாள் மீன். எலும்போடு ஒட்டிய இடம் வேகவில்லை. உப்புமில்லை. சுற்றிவரக் கடல் கிடக்கிற தீவில் இப்படியொரு மீனை எங்கே தேடிப் பிடித்தார்களோ! அவள் வீட்டுப் பூனையும் முகர்ந்துவிட்டுப் போய்விடும். இதற்காகவா முப்பது வருஷம் காத்திருந்தேன் என்று ஓவென்று அழவேண்டும் போலிருந்தது.

அழவில்லை. சாப்பிட்டாள். நடு எலும்பு வெள்ளையாய்த் தெரியும்வரை ஒரு பொட்டும் விடாமல் சாப்பிட்டாள்.

எதிரே சந்தியோகு வால்துண்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஒரு வாய் வைப்பதும் விரலை விட்டு முள் எடுப்பதுமாய் இருந்தான். கடைசியில் தாங்கமாட்டாமல் சொன்னான்: "இதென்ன சனியன், ஒரே முள்ளாய்க் கிடக்கு."

"ஓம்" என்றாள் றோசம்மா. "முப்பது வருஷமா எனக்குத் தெரியும்."