ராஜேஷ்குமார் பெயரில் ஒரு ஃபோல்டர்

ஒரு கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்யச் சொன்னால் ஜோதிமணி உடனே வேலையைத் தொடங்க மாட்டாள். முதலில் அதில் தினமும் உட்காருபவரைக் கூப்பிட்டு, வழக்கமாகத் திறக்கும் புரோகிராம்களை ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்வாள். பக்கத்தில் நின்று ஒரு நீள நோட்டில் எழுதிக்கொள்வாள்.

ஓசூர் சிப்காட்டில் பம்புக்கான அலுமினியப் பாகங்கள் செய்யும் சிறிய கம்பெனி அது. மத்திகிரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து, பாகங்களில் பிசிறு எடுக்கும் மேசையில் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். மேசைக்கு எதிரே லேபிள் அடிக்கும் கம்ப்யூட்டர் இருந்தது. வருடத்துக்கு இரண்டு முறை அது படுத்துவிடும். சர்வீஸ்காரர் வந்து ஃபார்மட் செய்துவிட்டுப் போன பிறகு ஒரு வாரத்துக்கு லேபிள் கோணலாகவே வரும். பழைய அளவெல்லாம் எங்கே போயிற்று என்று ஒருமுறை கேட்டாள். அது அப்படித்தான், போய்விடும் என்றார் அவர். அந்தப் பதில் அவளுக்கு ஒப்பவில்லை. கொடுத்து வைத்த அளவு எங்காவது ஒரு ஃபைலில் இருந்துதானே ஆகவேண்டும்? மதியச் சாப்பாட்டு நேரங்களில் தேடினாள். லேபிள் அளவை மாற்றுவாள். எந்த ஃபைலின் நேரம் மாறியிருக்கிறது என்று பார்ப்பாள். மூன்றாம் வாரம் அகப்பட்டது.

புரோகிராமை டி டிரைவில் போட்டுவிட்டால் ஃபார்மட்டுக்குத் தப்பிவிடும் என்று அங்கே எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். புரோகிராம் தப்பும். ஆனால் அதற்கு நாம் பழக்கிவைத்த அளவுகள் சி டிரைவில் ஒரு மறைவான ஃபோல்டரில் கிடக்கும். சி-யை அழித்தால் அவையும் அழியும். ஜோதிமணி அந்த ஃபோல்டரையும் டி-க்குக் கொண்டுபோய்விட்டு, பழைய இடத்தில் ஓர் இணைப்பை மட்டும் வைப்பாள். புரோகிராம் பழைய இடத்தைத் தேடி வந்தால் இணைப்பு அதை டி-க்கு அனுப்பிவிடும். விண்டோஸ் அந்தப் புரோகிராமைப் பற்றிக் குறித்து வைத்திருக்கும் வரிகளையும் தனி ஃபைலாக எடுத்து வைப்பாள். இப்படிக் கம்பெனியின் பதினொரு கம்ப்யூட்டர்களும் அவள் பொறுப்புக்கு வந்தன.

உலோகத்தைக் குடைந்து செதுக்கும் வி.எம்.சி. மெஷினுக்கு வெட்டும் வழியை எழுதும் முனீஸ்வரனின் கம்ப்யூட்டரை மட்டும் ஒரு வருடமாக அவள் தொடவில்லை. ஒரு நாளைக்கு ஐந்து முறை நின்றுபோகும் கம்ப்யூட்டர் அது. ஆனால் அதிலிருந்த புரோகிராமின் சி.டி. தொலைந்துவிட்டது, விற்ற நிறுவனமும் மூடப்பட்டுவிட்டது. அதற்குள் இருநூற்றுப் பதினான்கு கட்டர்களின் பட்டியல் இருந்தது. எந்தக் கட்டர் எந்த வேகத்தில், எவ்வளவு ஆழத்தில் ஓடினால் அந்தப் பழைய மெஷின் அதிராது என்று ஆறு வருடமாக முனீஸ்வரன் திருத்தித் திருத்திச் சேர்த்தது. திங்கட்கிழமை முதல் ஷிஃப்டில் புதிய பாகம் ஒன்றைத் தொடங்கவேண்டும். கம்ப்யூட்டரோ இனித் தாங்காது.

"அக்கா, இது போச்சுன்னா நான் மறுபடி ஒண்ணாம் நம்பர்லருந்து ஆரம்பிக்கணும்," என்றான் முனீஸ்வரன். விருதுநகர்ப் பக்கத்துக்காரன். "மெஷினும் கெழடு. எனக்கும் அம்புட்டுப் பொறுமை கெடையாது."

"போவாது உடு," என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஷிஃப்ட் இல்லாத நேரத்தில் இருவரும் வந்தார்கள். எல்லாவற்றையும் டி-யில் வைத்துவிட்டு சி-யை அழித்து விண்டோஸ் ஏற்றினாள். பயனர் பெயர் கேட்டது. அதுவரை அதில் இருந்தது ராஜேஷ்குமார் என்ற பெயர். அவன் பெங்களூருக்குப் போய் ஏழு வருடம் ஆகிறது. அந்தக் கம்பெனியில் முதலில் உட்கார்ந்தவர் பெயர்தான் கம்ப்யூட்டருக்கு நிலைக்கும். ஸ்டோர்காரர் பெரியதம்பி முனீஸ்வரனைப் பார்க்கும்போதெல்லாம், ராஜேஷ்குமார் சாப்பிட்டாச்சா என்று கேட்பார். ஜோதிமணி யாரையும் கேட்காமல் முனீஸ்வரன் என்று அடித்தாள்.

திரையில் தன் பெயரைப் பார்த்துவிட்டு அவன் சிரித்தான். "ஆறு வருசங் கழிச்சு இன்னைக்குத்தான் வேலைக்குச் சேந்திருக்கேன் போல."

புரோகிராம் திறந்தது. கட்டர் பட்டியல் வெறுமையாக இருந்தது.

அவன் மௌஸை நகர்த்தி மேலும் கீழும் பார்த்தான். "ஒண்ணையும் காணோமேக்கா."

ஜோதிமணி மௌஸை வாங்கினாள். பிறகு டி-யில் இருந்த ஃபைலைத் தனியாகத் திறந்தாள். இருநூற்றுப் பதினான்கு வரிகளும் இருந்தன. அப்படியென்றால் பட்டியல் போகவில்லை. புரோகிராம் அதைப் போய்ச் சேரவில்லை. எந்த இடத்தில் தேடுகிறது என்று வரிவரியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். சி-யில் அந்த மறைவான ஃபோல்டர் பயனர் பெயரில் உள்ள ஃபோல்டருக்குள் இருக்கும்; தேடும் பாதை முழுவதையும் பழைய பயனர் பெயரோடு புரோகிராம் எழுதி வைத்திருந்தது.

"தப்பு என்னுது," என்றாள். "உம் பேரு வரட்டுமேன்னு பண்ணிட்டேன். இது இன்னும் ராஜேஷ்குமாரு ஊட்டுக்குத்தான் போயிட்டிருக்குது."

"அவம் பேரையே போட்ருங்கக்கா. லிஸ்ட்டு வந்தாப் போதும்."

அது தேவையில்லை என்றாள். சி-யில் பழைய இடத்திலேயே ராஜேஷ்குமார் என்று ஒரு காலி ஃபோல்டர் உண்டாக்கி, அதற்குள் டி-க்கு ஓர் இணைப்பு வைத்தாள். பட்டியல் வந்தது. முப்பத்தேழாம் கட்டரைத் திறந்து, தான் போன மாதம் திருத்திய வேகம் அப்படியே இருப்பதைப் பார்த்த பிறகுதான் முனீஸ்வரன் நாற்காலியில் சாய்ந்தான். கிளம்பலாமா என்றான்.

"இரு. இன்னொரு வாட்டி ஃபார்மட் பண்ணோணும்."

அவன் முகம் மாறியது. வந்ததைக் கெடுப்பானேன் என்று கெஞ்சினான்.

"ஃபிக்ஸரைக் கழட்டி மாட்டிப் பாக்காம நீ மொத்த லாட்டையும் ஓட்டுவியா முனீசு?"

அவன் ஓட்ட மாட்டான். முதல் பீஸ் சரியாக வந்தாலும், பாகத்தைப் பிடித்துவைக்கும் ஃபிக்ஸரைக் கழற்றி மறுபடி மாட்டி அதே அளவு வருகிறதா என்று பார்ப்பதில் அவன் கறார். இருநூற்றுப் பதினான்கையும் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

ஜோதிமணி நோட்டில் எல்லாப் படிகளையும் புதிதாக எழுதி, நோட்டை அவன் முன்னால் வைத்துவிட்டு எழுந்தாள். இந்த முறை அவள் கை படக்கூடாது. அவள் லீவில் இருக்கும் ஒரு நாளிலும் இது நடக்கவேண்டும். சி-யை அழிக்கவா என்று திரை கேட்டபோது அவன் விரல் சற்று நின்றது. பிறகு அழுத்தினான்.

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பட்டியல் திறந்தது. அவன் கடைசி வரிவரை இறக்கிப் பார்த்தான். இருநூற்றுப் பதினான்கு.

"ஆறாவது படில, லிங்க்கு போடுறதுக்கு முந்தி புரோகிராமை மூடணும்னு எழுதலக்கா," என்றான். "நானா மூடிட்டேன்."

ஜோதிமணி நோட்டை வாங்கி அந்த வரியைச் சேர்த்தாள்.